பாதி வழியில் திரும்பிய வசவுகள்

ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாதவருக்கும் 'ஆய் கராம்பா' தெரியும். சிம்ப்ஸன்ஸ் கார்ட்டூனில் வரும் பார்ட் பையன் செய்த புண்ணியம். வேடிக்கை என்னவென்றால், ஸ்பெயினில் அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பார்ட் என்றதும் நினைவுக்கு வருவது 'முல்திப்ளீகாதே போர் ஸேரோ'. 'உன்னைப் பூச்சியத்தால பெருக்கிக்கோ' என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அவன் பேசும் ஒரு திமிர்ப் பேச்சுக்கு அந்த ஊர் டப்பிங்காரர்கள் கண்டுபிடித்த மாற்று அது. ஒருத்தனை ஆளே இல்லாமல் ஆக்க இதைவிடக் கணக்கான வழி கிடையாது. கராம்பாவைப் பற்றி என் ஆசிரியையிடம் கேட்டபோது, பாட்டி காலத்து ஆட்கள் சொல்வது என்று முடித்துவிட்டார். அவர் ஸ்பெயினில் வாயதோலித் ஊர்க்காரர், வீடியோவில் வகுப்பு எடுக்கிறார்.

ஆனால் பாட்டிகள் அதை ஏன் சொன்னார்கள் என்பதுதான் சங்கதி. 'கராஹோ' என்று ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது, ஆண்குறியைக் குறிப்பது. அதிர்ச்சியில் வாய் 'கரா...' வரை போய்விடுகிறது. எதிரே பாதிரியாரோ மாமியாரோ நிற்கிறார். சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் 'கராம்பா'. இன்னும் கொஞ்சம் முன்னாலேயே ஒடித்தால் 'கராய்'. (கராஹோ என்பது கப்பல் பாய்மரத்தின் உச்சியில் இருக்கும் காவல் கூண்டின் பெயர் என்று ஒரு கதை வாட்ஸப்பில் உலவுகிறது. ரசிக்கலாம், நம்ப வேண்டாம்.)

இந்தச் சூட்சுமம் பிடிபட்டதும் மற்றதெல்லாம் வரிசையாக அவிழ ஆரம்பித்தது. ஸ்பானிஷ்காரர் ஆச்சரியப்பட்டு 'மியேர்கோலெஸ்!' என்றால் புதன்கிழமைக்கும் அவருக்கும் ஒரு பகையும் இல்லை. மலத்தைக் குறிக்கும் 'மியேர்தா'வைச் சொல்லக் கிளம்பி, 'மியேர்' தாண்டியதும் கிழமைக்குத் தாவிவிட்டார். 'ஓஸ்த்ராஸ்!' என்றால் கடல் சிப்பி. அதன் பின்னால் ஒளிந்திருப்பவரைப் பிறகு பார்ப்போம். நம்மூரில் 'தக்காளி!' என்று ஒருத்தர் கத்தும்போது அவர் சாம்பார் வைக்கப் போவதில்லை என்று நமக்குத் தெரியும் இல்லையா? ங்கொய்யால, ங்கொக்கமக்கா எல்லாம் அந்தக் குடும்பம்தான். இந்த அறிவு இருக்கிற தமிழனுக்கு ஸ்பானிஷ் ஆச்சரியச் சொற்களில் பாதி ஏற்கெனவே புரிந்த மாதிரி.

ஒவ்வொரு நாட்டுக்கும் தனித் தக்காளி உண்டு. அர்ஜென்டினாவில் 'லா பூச்சா', குவாத்தமாலா, எல் சால்வதோர் பக்கம் 'பூச்சிகா'. இரண்டுமே விலைமகளைக் குறிக்கும் ஒரு சொல்லை நாக்கை மடித்துச் சொன்னது. சிலியில் 'சூத்தா'. தமிழ்க் காதுக்கு அது அசல் வசவாகவே விழும், அங்கே அதுதான் மரியாதையான வடிவம். பெருவில் 'ஆசு மாரே'. 'அவன் அம்மாவை...' என்று தொடங்கும் வாக்கியத்தின் எலும்பைக் கழற்றிவிட்டுச் சதையை மட்டும் வைத்துக்கொண்டது. 2013-இல் இதையே தலைப்பாக வைத்து ஒரு நகைச்சுவைப் படம் வந்து பெருவில் சக்கைப்போடு போட்டது. கியூபாக்காரர்கள்தான் சிக்கனத்தின் உச்சம்: பெண்குறியைச் சொல்லும் 'கோஞோ'வின் முன்பாதியை அப்படியே விழுங்கிவிட்டு 'ஞோ!' என்பார்கள். வியப்பு எவ்வளவோ அவ்வளவு நீளம்: ஞோஓஓஓ. அரிச்சுவடியில் ஞகர வரிசையை மனப்பாடம் செய்தது வீண்போகவில்லை.

மெக்சிகோ எனக்குக் கொஞ்சம் நெருக்கம். எங்கள் ஆபீஸ் டீமில் பாதிப் பேர் மோந்தெரே நகரத்தில். நமக்குப் பொழுது சாயும்போது அவர்களுக்குப் பொழுது விடியும். ஒரு நாள் இப்படித்தான், நாங்கள் கிளம்பப் போகிற நேரத்தில் டேட்டாபேஸ் படுத்துவிட்டது. கால் போட்டார்கள். மானேஜரும் லைனில் இருந்தார். அந்தப் பக்கத்து இளைஞர் ஸ்கிரீனைப் பார்த்து முதலில் 'ஈஹோலே...' என்று இழுத்தார். 'அடடா, இதென்ன வினை' என்கிற தொனி. ('ஈஹோ' என்றால் மகன். யாருடைய மகன் என்று சொல்ல வந்தாரோ, அதை 'லே' வந்து மூடிவிட்டது.) பேக்கப்பும் ஓடவில்லை என்று தெரிந்ததும் 'நோ மாஞ்செஸ்!' மானேஜர் வேறு மீட்டிங்குக்காக வெளியே போனார். அவர் போன டிங் சத்தம் அடங்கவில்லை, அதே வாய், அதே மூச்சு: 'நோ மாமெஸ், குவேய்!' (குவேய் என்பது நம்ம 'மச்சி'.)

இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பாடம். 'நோ மாஞ்செஸ்' என்றால் நேர்ப்பொருள் 'கறை ஆக்காதே'. 'நோ மாமெஸ்' என்றால் 'சப்பாதே'. இரண்டும் சொல்ல வருவது 'சும்மா சொல்லாதடா, நிஜமாவா' என்பதைத்தான். முதலாவதை வகுப்பில், டிவியில், அத்தை வீட்டில் சொல்லலாம். இரண்டாவதற்கு மானேஜர் லைனை விட்டுப் போகவேண்டும். அகராதி இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடி வைத்திருக்கும், நடுவில் இருக்கும் சுவரைக் காட்டாது. மெக்சிகோவில் 'ஆய் சிவாவா!' என்றும் கேட்கலாம். அது நாய்க்குட்டியும் இல்லை, மாநிலமும் இல்லை, 'சி' என்று தொடங்கும் ஒரு பெரிய வசவு கடைசி நொடியில் ஊர் மாறியது.

சரி, ஓஸ்த்ராஸுக்கு வருவோம். அதன் பின்னால் ஒளிந்திருப்பது 'ஓஸ்தியா'. பூசையில் பாதிரியார் தரும் அப்பம். நம்மூர்க் கத்தோலிக்கர்கள் 'ஒஸ்தி' என்பார்கள், போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த அதே சொல்தான். தூத்துக்குடியில் முழந்தாளிட்டு நாக்கு நீட்டி வாங்குகிற அந்தப் புனிதப் பொருளை ஸ்பெயினில் கால் இடறினால் கத்துகிறார்கள், கோல் விழுந்தால் கத்துகிறார்கள், கரண்ட் பில்லைப் பார்த்தால் கத்துகிறார்கள். அதோடு நிற்பதில்லை. ஒருத்தனுக்கு ஓஸ்தியா கொடுத்தால் அறை விட்டதாக அர்த்தம். சாப்பாடு 'தெ லா ஓஸ்தியா' என்றால் பிரமாதம். கார் 'ஆ தோதா ஓஸ்தியா' போனால் தலைதெறிக்கிற வேகம். 'மாலா ஓஸ்தியா' உள்ள ஆள் என்றால் சிடுமூஞ்சி. மணி ஹைஸ்ட் தொடரை ஸ்பானிஷிலேயே கேட்டுப் பாருங்கள், சப்டைட்டிலில் பத்து விதமாக எழுதியிருப்பார்கள், அவர்கள் வாயில் இருப்பது இந்த ஒரு அப்பம்தான்.

பக்தி முற்றிய நாட்டில் எப்படி இது என்று எனக்கும் தோன்றியது. பக்தி முற்றியதால்தான் என்று இப்போது நினைக்கிறேன். எது தொடக்கூடாததோ அதைத் தொட்டால்தான் வாய்க்குக் காரம். சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில் சாராயக் கடைச் சுவர்களில் 'தெய்வ நிந்தனையும் ஆபாசப் பேச்சும் கூடாது' என்று பலகை மாட்டியிருப்பார்கள். பலகை மாட்டவேண்டி வந்தது என்றாலே உள்ளே என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளலாம். கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இதே அப்பத்தையும் நற்கருணைப் பேழையையும் இழுத்து வசை பாடுவார்கள், அங்கேயும் சர்ச்சின் பிடி அப்படி இருந்தது. திருப்பலிக்குப் போகிற பெண்மணி என்ன செய்வார்? 'ஓஸ்...' வரை வந்து சிப்பிக்குத் தாவுவார். அல்லது ஒரேயடியாக 'மாத்ரே மீயா!' சொல்லிவிடுவார். 'என் தாயே'. நம்ம அம்மாடியும் ஆத்தாடியும்தான். எந்த வயதுக்காரரும் எந்த இடத்திலும் சொல்லலாம். ஸ்பானிஷ் கற்கிறவர் ஒரே ஒரு ஆச்சரியச் சொல்லைத்தான் பையில் போட்டுக்கொள்ளலாம் என்றால் என் ஓட்டு இதற்கு.

வசவும் இல்லாத, சாமியும் இல்லாத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. சாதாரண வினைச்சொற்கள். 'ஆந்தா!' என்றால் நட. 'பாயா!' என்றால் போகட்டும். 'தோமா!' என்றால் இந்தா பிடி. 'ஆந்தா'வோடு 'யா' சேர்ந்து 'ஆந்தா யா!' ஆனால் நம்ம 'அட போப்பா'. 'ஆலா!' என்றொரு சொல் இருக்கிறது, எழுதும்போது முன்னால் ஒரு எச் உட்கார்ந்திருக்கும், வாயில் வராது. ரியல் மாட்ரிட் ரசிகர்கள் அரங்கத்தில் முழங்குகிறார்களே, அதே ஆலாதான். அங்கே அது உற்சாகக் கூச்சல். பக்கத்து வீட்டுக்காரர் புது கார் வாங்கிவந்தால் அது 'அடேங்கப்பா'.

'மெனூதோ' என்றால் சின்னது. ஆனால் 'மெனூதோ லீயோ!' என்று வியந்தால் சின்னக் குழப்பம் இல்லை, மகா குழப்பம். இதைப் படிக்கிற வெள்ளைக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்களாம். நமக்கென்ன? 'கொஞ்சநஞ்சக் கூட்டமா அது!' என்று தினமும் பேசுகிறோம்.

இப்போது இலக்கணத்துக்குள் கொஞ்சம். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு வினை: 'கெதார்ஸே'. தங்கிவிடுதல், ஆகிப்போதல், நின்றுவிடுதல் எல்லாம் இதில் அடக்கம். ஸ்பானிஷ்காரர் அதிர்ச்சியை இந்த வினையில்தான் கட்டுகிறார். 'மே கெதே தெ பியேத்ரா', கல்லாய்ச் சமைந்துபோனேன். 'மே கெதே எலாதோ', உறைந்துபோனேன். (எலாதோ என்றால் ஐஸ்கிரீமும்கூட. எனவே முதலில் படிக்கும்போது அதிர்ச்சியில் ஐஸ்கிரீம் ஆன மனிதர் ஒருவர் கண்ணுக்குத் தெரிவார்.) 'தெ ஊனா பியேஸா', ஒரே துண்டாய், அசையாமல். 'ஆ குவாத்ரோஸ்', கட்டம் கட்டமாய். மெக்சிகோவில் 'தெ ஆ செய்ஸ்', ஆறாய் ஆகிவிடுவார்கள், எண் ஆறு. ஆங்கிலத்தில் மனிதர் அதிர்ச்சி அடைகிறார், அவ்வளவுதான். தமிழிலும் ஸ்பானிஷிலும் மனிதர் வேறொன்றாக ஆகிப்போகிறார். அசந்துபோனேன், அதிர்ந்துபோனேன், மலைத்துப்போனேன் என்று நாம் ஒட்டுகிற அந்தப் 'போ'வுக்கு ஸ்பானிஷில் ஒரு பங்காளி கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆங்கிலம் வழியாக இதைப் படித்திருந்தால் மூன்று பக்க விளக்கம் தேவைப்பட்டிருக்கும்.

அப்புறம் உடம்பை வைத்துக் கட்டிய கூட்டுச்சொற்கள். வாயையும் திறந்ததையும் சேர்த்தால் 'போக்கியபியேர்தோ', வாய்பிளந்தவர். கண்ணையும் தட்டையும் சேர்த்தால் 'ஒஹிப்ளாத்திகோ', தட்டு அகலத்துக்குக் கண் விரிந்தவர். காலைச் சேர்த்த 'பாத்திதிஃபூஸோ' என்பதுதான் எனக்குச் செல்லம். சொல்லிப் பாருங்கள், சொல்லுக்கே கால் தள்ளாடும். இளவட்டங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு 'ஃப்ளீப்போ!' என்பார்கள். ஆங்கிலத்து ஃபிளிப்பிலிருந்து வந்தது, முதலில் போதை ஏறியதைச் சொன்னது. 'ஃப்ளீப்போ என் கொலோரெஸ்' என்றால் கலர் கலராய் மயங்குகிறேன். இன்னொரு கோஷ்டி 'அலுஸீனோ பெபினீயோஸ்' என்னும். ஊறுகாய் வெள்ளரிப்பிஞ்சுகள் தோன்றித் தோன்றி மறைகின்றனவாம். யார் முதலில் அந்தப் பிஞ்சைப் பார்த்தாரோ, அவர் என்ன சாப்பிட்டிருந்தாரோ.

அதிர்ச்சியில் உறைவதை லத்தீன் அமெரிக்கா படமாகவே போட்டு வைத்திருக்கிறது. மெக்சிகோவின் எல் சாவோ டிவி தொடரில் வரும் அநாதைப் பையன் பயந்துவிட்டால் கைகால் முறுக்கிக் குந்திய நிலையிலேயே விறைத்துவிடுவான். அதற்கு 'கறொதேரா' என்று பெயர். முகத்தில் தண்ணீரை விசிறி அடித்தால்தான் தெளிவான். அந்தப் பையனாக நடித்து, தொடரை எழுதிய ரொபெர்த்தோ கோமெஸ் பொலாஞோஸ் 'சான்ஃப்ளே!' என்ற ஆச்சரியச் சொல்லைக் கண்டம் முழுக்கப் பரப்பினார். 1979-இல் அதே பெயரைத் தலைப்பில் வைத்து வந்த ஒரு சினிமாவையும் எழுதி நடித்தார். யாரையும் திட்டாத, எந்தச் சாமியையும் இழுக்காத சொல். குழந்தைகள் பார்க்கிற நிகழ்ச்சிக்கு வேறென்ன வேண்டும்?

சிலியில் அதே வேலையைச் செய்தது கொந்தோரீத்தோ என்ற படக்கதை. கழுகினத்துப் பறவையான கொந்தோர்தான் நாயகன், கால்சட்டை போட்டு ரப்பர்ச் செருப்பு மாட்டி அலையும். 1942-இல் வந்த ஒரு டிஸ்னி படத்தில் சிலிக்குக் கிடைத்தது ஒரு குட்டித் தபால் விமானம் மட்டும்தான். அந்தக் கடுப்பில் 'பெப்போ' என்ற புனைபெயரில் வரைந்த ரெனே ரியோஸ் 1949-இல் இந்தப் பறவையைப் பிறப்பித்தார். ஒரு பக்கக் கதை, கடைசிக் கட்டத்தில் யாராவது வாயைத் திறந்து ஏதோ சொல்வார்கள், கேட்டவர் மல்லாந்து விழுவார், இரண்டு கால் மட்டும் மேலே தெரியும், பக்கத்தில் 'ப்ளோப்!' சில நேரம் ஏமாந்தது கொந்தோரீத்தோவாகவே இருந்தால், விழாமல் நின்றபடி 'எக்ஸிஹோ ஊனா எக்ஸ்ப்ளிகாஸியோன்' என்று விறைப்பாகச் சொல்லும். 'எனக்கு விளக்கம் வேண்டும்'. இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் ஒருவர் 'கெதே ப்ளோப்' என்றால் படக்கதை படித்த யாருக்கும் அந்த இரண்டு கால் கண்ணில் தெரியும். கெதார்ஸே வினை சித்திரக் கதையின் சத்தத்தையும் விட்டுவைக்கவில்லை பாருங்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. ஸ்பானிஷில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் b, d, g ஓசைகள் மெலிந்துவிடும், மெல்லின எழுத்துக்குப் பின்னால் வந்தால் அழுத்தமாக ஒலிக்கும். 'நோ மே தீகாஸ்' (நம்ம 'சொல்லாதே!', அதாவது 'நிஜமாவா!') என்று தமிழில் எழுதி அப்படியே படித்தால், 'கா' நம்ம 'மகா'வில் வருகிற மாதிரி தானாக மெலியும். 'ஆந்தா'வில் த, 'பந்து'வில் போல நாக்கைப் பல்லில் ஒட்டும். என்னோடு வகுப்பில் இருக்கும் வடக்கத்தி நண்பருக்கு ஆசிரியை இதைத் திரும்பத் திரும்பத் திருத்துவார். என்னை விட்டுவிடுவார். சொல்லின் முதலில் வரும் மெல்லிய 'தா', வல்லிய 'தா' வித்தியாசத்தில்தான் நம் வண்டி மாட்டும், அதை இங்கே பேசவேண்டாம்.

எழுத்தில் இன்னொரு வசதி. ஸ்பானிஷில் ஆச்சரியக்குறியை வாக்கியத்தின் தலையிலும் தலைகீழாக மாட்டுவார்கள். தலைகீழ்க் கேள்விக்குறிக்கு ஸ்பானிஷ் மொழி அகாடமி 1754-இல் தன் எழுத்திலக்கண நூலில் விதி வகுத்தது, ஆச்சரியத்துக்கும் அந்த வழக்கம் நிலைத்தது. சத்தமாகப் படிக்கிறவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை: மூச்சை இழுத்துக்கொள், கத்த வேண்டிய இடம் வருகிறது.

நீ, நீங்கள் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். சமவயதுக்காரரிடம் 'நோ மே தீகாஸ்', மரியாதையோடு 'நோ மே தீகா'. ஒரே ஒரு 'ஸ்' குறைந்தால் 'சொல்லாதீங்க!' ஸ்பெயினில் ஆசிரியரைக்கூட 'நீ' என்றே கூப்பிடுகிறார்கள். நம் வளர்ப்புக்கு அது நெஞ்சடைக்கிற விஷயம், எனக்கு இன்னும் நாக்கு வரவில்லை. மோந்தெரே அலுவலகத்தில் வயதில் மூத்த ஒரு கணக்கர் இருக்கிறார். அவரிடம் அந்த ஊர் இளைஞர்களே 'ஸ்'ஸை விழுங்கிவிட்டுத்தான் வியக்கிறார்கள்.

இவ்வளவு வசவை மூடி மறைத்துப் பேசுவது பற்றிக் கேட்டால், ரொபெர்த்தோ ஃபோந்தனரோஸா பேச்சைத் தேடிப் பாருங்கள் என்பேன். அர்ஜென்டினாவின் ரொஸாரியோ நகரத்துக் கார்ட்டூனிஸ்ட், எழுத்தாளர். அவருடைய படக்கதையில் மெந்தியேத்தா என்றொரு பேசும் நாய் வரும், எதைக் கண்டாலும் 'கே லோ பரியோ!' என்று வியக்கும். 'பெத்தாளே அவனை!' என்று நம்ம பக்கம் சொல்வது போல. 2004-இல் அதே ரொஸாரியோவில் ஸ்பானிஷ் மொழிக்கான உலக மாநாடு நடந்தபோது, அறிஞர்கள் நிறைந்த சபையில் அவர் கெட்ட வார்த்தைகளைப் பற்றிப் பேசினார். இவை ஏன் கெட்டவை, மற்ற வார்த்தைகளைப் போட்டு அடிக்கின்றனவா என்று அப்பாவியாகக் கேட்டார். கடைசியில் அவற்றுக்குப் பொதுமன்னிப்பு வேண்டும் என்று கோரிக்கை வைத்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. ஸ்பெயினில் அதற்கு முன்பே, 1997-இல், நாடாளுமன்றத் தலைவர் ஃபெதெரீகோ த்ரீயோ திறந்திருந்த மைக்கில் 'மாந்தா ஹுவேவோஸ்' என்று முணுமுணுத்து நாடு முழுக்கக் கேட்டுவிட்டது. கொடுமையடா சாமி என்கிற பொருளில் விரைகளை இழுக்கும் தொடர். ஹுவேவோஸ் என்றால் முட்டை என்றும் பொருள் உண்டு, அந்த அர்த்தத்தில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதே இடத்தில் மூக்கைப் போட்டு 'மாந்தா நாரீஸெஸ்' என்பார்கள்.

என் கணக்கு இப்படி: அசல் வசவுகள் எல்லாம் காதுக்கு, பாதியில் திரும்பியவை வாய்க்கு. அந்நிய வாயிலிருந்து முழு வசவு வரும்போது சொந்தக்காரர் காதில் இரண்டு மடங்கு கனமாக விழுகிறது. சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஆட்டோக்காரரிடம் கற்றதை அப்படியே டீக்கடையில் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அதனால் மெக்சிகோக்காரரோடு ஈஹோலேயும் நோ மாஞ்செஸும், ஆசிரியையோடு ஆலாவும் மாத்ரே மீயாவும்.

போன மாதம் ஒரு வகுப்பு. ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. போனில் நெட்டைப் போட்டுத் திரும்ப வந்தால் சார்ஜ் சிவப்பில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் போர் போடுகிற லாரி வந்து நின்று குழாயை இறக்க ஆரம்பித்தது. திரையே குலுங்கியது. ஆசிரியை கையை விரித்து, 'ஏராமோஸ் போகோஸ் இ பரியோ லா அபுவேலா' என்றார். ஏற்கெனவே இருக்கிறதே போதாதென்று, இருந்தவர்கள் கொஞ்சப் பேர், அந்த லட்சணத்தில் பாட்டிக்குப் பிரசவம் ஆச்சாம். கிண்டலுக்குத்தான் அந்தக் 'கொஞ்சப் பேர்', வீடு நிறைய ஆள் என்பதே பொருள். நாம் பட்ட காலிலே படும் என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுவோம். அவர்கள் அதே இடத்தில் ஒரு கிழவியைப் பிரசவ அறைக்கு அனுப்பிவிட்டுச் சிரிக்கிறார்கள். போர்க்காரர்கள் முந்நூறு அடிக்குக் கீழே இன்னும் தண்ணீர் வரவில்லை, ராத்திரியும் ஓட்டுவோம் என்றார்கள். வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம்.